கதவு வைத்த புழுவுக்கு ஒரு சரியான பெயர்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் காசிமேட்டில் கரையில்தான் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகுகளைக் கரையேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்தி, அடிப்பக்கத்தைச் சுரண்டுவார்கள். இரும்புத் தகடு பலகையில் உரசும் சத்தம் பல்லைக் கூச வைக்கும். கீழே உதிர்வதில் பெரும்பகுதி கொட்டலசு. அதற்கு நடுவே, சுண்ணாம்பில் செய்த சேமியாபோல, ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட வெள்ளைக் குழல்களும் கொத்துக் கொத்தாக விழும். வெயிலில் கிடந்து அரை மணி நேரத்தில் நாறத் தொடங்கும். பிறகு யாராவது கூட்டி அள்ளித் தண்ணீரில் தள்ளுவார்கள்.

என் நைனா லாஞ்சு டிரைவர். நான் ஒன்பதாவது படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சோறு எடுத்துப்போன இடத்தில் அந்தக் குழல்களில் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே, நகக்கண் நீளத்தில், ஈரமாக ஏதோ நெளிந்தது. "நைனா, இதுக்கு உசுரு இருக்கு" என்றேன். "சிப்பி புடிச்சிருக்கும்மா, அவ்ளோதான். இது புடிச்சா டீசல் எகிறும்" என்றார். எங்கள் பக்கம் படகின் அடியில் ஒட்டுவது எல்லாமே சிப்பிதான். கொட்டலசுக்காவது ஒரு பெயர் உண்டு. அந்தக் குழலுக்குள் இருந்ததற்குப் பெயரே இல்லை.

அதன் பெயரைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. முப்பது ஆண்டுகளாக விலங்கியல் கற்பித்துவருகிறேன். இந்தக் கடற்கரையில் வாழும் சின்னஞ்சிறு உயிர்களைப் பார்த்து, எண்ணி, சரியாகப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதை ஒரு பெரிய இழப்பாக நாம் எண்ணவில்லை என்பதே என் வருத்தம். அந்த வருத்தத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முதலில் அந்தப் புழுவை நீங்கள் பார்க்க வேண்டும்.

வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு காரியம் செய்வேன். தரைக்குப் போடும் டைல்ஸ் துண்டு ஒன்றை நைலான் கயிற்றில் கட்டி, தெரிந்தவர் படகு நிற்கும் இடத்தில் தண்ணீருக்குள் ஓர் ஆள் கை நீளத்துக்கு இறக்கிவிடுவேன். இருபது நாள் கழித்து எடுத்தால் அதன் மேல் ஓர் ஊரே குடியேறியிருக்கும். பாசி, கொட்டலசு, கடல் பீச்சான்கள், அவற்றுக்கிடையே அந்த வெள்ளைக் குழல்கள். ஒரு குழல் கொத்தைப் பெயர்த்துக் கண்ணாடித் தட்டில் கடல்நீர் ஊற்றி வைத்துவிட்டு, மேசையை யாரும் ஆட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுக் காத்திருப்போம்.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. பத்து நிமிடம் ஆகலாம். பிறகு குழலின் வாயிலிருந்து முதலில் ஒரு கதவு வெளியே வரும். உருப்பெருக்கியில் பார்த்தால் அது ஒரு புனல். புனலின் விளிம்பு முழுக்கப் பல் பல்லாக இருக்கும். புனலுக்கு நடுவிலிருந்து இன்னொரு அடுக்கு எழும்பி நிற்கும். பதினைந்துக்கு முன்பின்னான முட்கள் வட்டமாக நின்று ஒரு கிரீடம்போல் இருக்கும். ஒவ்வொரு முள்ளின் பக்கவாட்டிலும் இன்னும் சிறிய முட்கள். ஒன்றரை மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு வாசலுக்கு இவ்வளவு வேலைப்பாடு. கதவைத் தொடர்ந்து இரண்டு அரைவட்டமாக இறகுகள் விரியும். அப்போது வகுப்பில் ஒரு சத்தம் எழும். முப்பது ஆண்டில் அந்தச் சத்தம் எழாத வகுப்பு எனக்கு நினைவில்லை.

இறகுகள்தான் அதற்கு மூச்சும் சோறும். ஒவ்வோர் இறகின் கிளையிலும் நுண்ணிய இழைகள் ஓயாமல் துடித்து நீரை இழுக்கின்றன. நீரோடு வரும் நுண்பாசியும் துகள்களும் இறகின் நடுவே ஓடும் வாய்க்காலில் இறங்கி வாய்க்குப் போகின்றன. அளவில் பெரிய துகள் வழியிலேயே ஒதுக்கப்படுகிறது. அப்போது தட்டின் மேல் ஒரு விரலை நீட்டி நிழல் விழச் செய்தால் போதும். இறகும் கதவும் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே போய்விடும். உடல் நெடுக ஓடும் தடித்த நரம்பிழையின் வேலை அது. "மேடம், கதவு மூடிடுச்சு!" என்று ஒரு பையன் கத்தினான். திரும்ப வெளியே வருமா என்று மறுநாளும் வந்து பார்த்தான்.

இறகுகளுக்குக் கீழே ஒரு கழுத்துப்பட்டி. புழு அதைக் குழலின் விளிம்பு மேல் மடித்துப் போட்டுக்கொண்டு, அதன் அடியிலுள்ள சுரப்பிகளிலிருந்து சுண்ணாம்பைச் சுரந்து, புதுச் சுவர் வைக்கிறது. கொத்தனார் கரணையால் விளிம்பை வழித்துவிடுவதுபோல் சுற்றிச் சுற்றி வைக்கிறது. வீடு அதன் உடம்போடு ஒட்டியதல்ல; அது உள்ளே விருப்பப்படி திரும்பலாம். கழுத்துக்குக் கீழே மார்புப் பகுதியில் ஏழு கணுக்களில் முள்மயிர்கள். பாடப்புத்தகம் பாலிகீட் என்று சொல்லும் வகுப்புக்கு அடையாளமே இந்த மயிர்கள்தான். அவை கைட்டினால் ஆனவை. ஒவ்வொரு மயிரையும் ஒரே ஒரு செல் தன் மேற்பரப்பிலுள்ள விரல்போன்ற நுண்முனைகளைக் கொண்டு அடி அடியாக வார்த்து எடுக்கிறது. எந்த இடத்தில் பல் வேண்டும், எங்கே வளைவு வேண்டும் என்பதெல்லாம் அந்தச் செல்லின் கணக்கு. நீண்ட மயிர்களுக்குப் பக்கத்தில், ரம்பத்தின் துண்டுபோல ஒரு வரிசைக் கொக்கித் தகடுகளும் உண்டு. குழலின் உட்சுவரைப் பற்றிக்கொள்ள அவை. அதனால்தான் புழுவை இழுத்து எடுக்க முடியாது. குழலை உடைத்தால்தான் வரும்.

மாணவர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. குழலின் ஒரு முனைதானே திறந்திருக்கிறது, கழிவு எங்கே போகும்? மலவாய் குழலின் அடி முனையில் இருக்கிறது. அங்கிருந்து உடலின் மேல் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதிலுள்ள நுண்ணிழைகள் கழிவு உருண்டைகளை வாசல் வரை தள்ளிக்கொண்டு வருகின்றன. குறுகிய வீட்டில் துப்புரவுக்கு இப்படி ஓர் ஏற்பாடு.

கதவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது ஓர் இறகு உருமாறி வந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் சின்ன மொட்டுபோல் ஒரு மாற்றுக் கதவு வளராமல் காத்திருக்கும். எதிரி கடித்துப் பெரிய கதவு போய்விட்டால், மொட்டு வளர்ந்து கதவாகிறது. கதவு இருந்த இடத்தில் புதிய மொட்டு முளைக்கிறது. வலம் இடமாகும், இடம் வலமாகும். இதன் அமெரிக்க உறவுக்காரப் புழு ஒன்றை வைத்து சார்லஸ் ஜெலனி 1902-இலேயே இதை எழுதினார். ஒரு பக்கத்துக் கதவு இருக்கிறது என்பதை மறுபக்கத்து மொட்டு எப்படி அறிகிறது என்று அன்று அவர் கேட்ட கேள்வியை நான் இன்றும் என் மாணவர்களிடம் கேட்கிறேன்.

இந்தப் புழுவின் பெயர் ஹைட்ராய்டீஸ் எலிகன்ஸ். நீளம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர். துறைமுகம், படகுத்துறை, உப்பங்கழியின் வாய், ஆலைகளுக்குக் குளிர்நீர் இழுக்கும் குழாய், மீன் வளர்க்கும் கூண்டின் வலை, இவையெல்லாம் அதன் குடியிருப்பு. வெப்பமான கடல்களில் கப்பல் போகும் இடமெல்லாம் அது இருக்கிறது. ஹிரோஷிமா விரிகுடாவில் 1969 இலையுதிர்காலத்தில் வளர்ப்புச் சிப்பிகளின் மேல் பெருங்கூட்டமாக ஒட்டி, சிப்பி வளர்ப்பவர்களுக்குப் பெரும் இழப்பை உண்டாக்கியது. சுண்ணாம்பு ஓட்டு உயிர்கள் கனமாக ஒட்டிய ஒரு போர்க்கப்பல் அதே வேகத்தில் போக 86 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றல் வேண்டியிருக்கும் என்று மைக்கேல் ஷுல்ட்ஸ் 2007-இல் கணக்கிட்டார். டீசல் எகிறும் என்று நைனா சொன்னது கணக்குப் போடாத அதே உண்மை.

அது படகில் எப்படி ஏறுகிறது? இங்கேதான் எனக்கு இந்தப் புழு மீது தீராத வியப்பு. முட்டை நீரில் கருவுற்று, பம்பரம்போல் சுழன்று நீந்தும் லார்வாவாகிறது. நுண்பாசியைத் தின்று வளர்ந்து சுமார் ஐந்து நாளில் ஒட்டுவதற்குத் தயாராகிவிடும். ஆனால் துடைத்த கண்ணாடிமேல் விட்டால் ஒட்டாது, நீந்திக்கொண்டே இருக்கும். பலகையில் முதலில் பாக்டீரியாப் படலம் படிந்திருக்க வேண்டும். புதிதாகச் சாயம் அடித்த படகு இறங்கிய சில நாளில் அடிப்பக்கம் வழவழவென்று ஆகிறதே, அந்த வழவழப்புதான் இந்த லார்வாவுக்கு அழைப்பு.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹாட்ஃபீல்டும் அவரோடு உழைத்தவர்களும் பேர்ல் துறைமுகத்துப் புழுக்களை வைத்துப் பல ஆண்டுகள் இதைத் துருவினார்கள். 2014-இல் நிக்கோலஸ் ஷிகுமாவும் கூட்டாளிகளும் சயன்ஸ் இதழில் வெளியிட்ட விடை என்னைத் தூங்கவிடவில்லை. சூடோஆல்டெரோமோனாஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா, வைரஸின் வால்போன்ற நுண்ணிய ஊசிகளைச் செய்கிறது. நூறு ஊசி அளவுக்கு ஒன்றாகக் கோத்து, முள்ளம்பன்றிபோல் விரித்து வைக்கிறது. லார்வா அதைத் தொட்டதும் உருமாற்றம் தொடங்குகிறது. நீந்துவதை நிறுத்தி ஒட்டிக்கொண்டு, சில நிமிடங்களிலேயே முதல் மென்குழலைச் சுரக்கிறது. பிறகு சுண்ணாம்பு. ஒரு சில நாளில் இறகு. சூடான நீரில் மூன்று, நான்கு வாரத்துக்குள் அதுவே முட்டையிடும் வயதுக்கு வந்துவிடுகிறது. ஒரு புழு எங்கே வாழ வேண்டும் என்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா முடிவு செய்கிறது. இப்படி ஒரு கதை காசிமேட்டுப் படகின் அடியில் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

இனி பெயருக்கு வருகிறேன்.

நான் கல்லூரியில் படித்தபோது செய்முறைப் பதிவேட்டில் இந்தப் புழுவை வரைந்து அடியில் எழுதிய பெயர் ஹைட்ராய்டீஸ் நார்வெஜிகா. சிவப்பு மையில் சரிக்குறியும் கையெழுத்தும் கிடைத்தன. அந்தப் பெயர் 1768-இல் நார்வேயில் பிஷப்பாக இருந்த குன்னெருஸ் அந்நாட்டுக் கடலில் கண்ட புழுவுக்குக் கொடுத்தது. குளிர்ந்த நீரில் வாழ்வது அது. நம் துறைமுகத்தில் இருப்பது வேறு. ஹாஸ்வெல் 1883-இல் சிட்னித் துறைமுகத்திலிருந்து விவரித்த எலிகன்ஸ். ஆனால் வெதுவெதுப்பான துறைமுகங்கள் எல்லாவற்றிலும், சென்னைத் துறைமுகத்தின் ஒட்டுயிர்களைப் பற்றி எழுதப்பட்ட பழைய கட்டுரைகள் உட்பட, நார்வேக்காரப் பெயரே நெடுங்காலம் வழங்கியது. மத்தியதரைக் கடல் புழுக்களை ஆராய்ந்த ஹெல்முட் ஜிப்ரோவியஸ் 1971-இல் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். கதவின் முட்களையும், கழுத்துப்பட்டியிலுள்ள தனி மயிர்களையும் கூர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். எலிகன்ஸின் அந்த மயிரில் தண்டும் அலகும் சேரும் இடத்தில் அரம்போல் நுண்பற்கள் உண்டு. பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

1971-இல் தீர்ந்த விஷயம் இருபது ஆண்டு கழித்தும் என் பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை. என் ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். இந்தியக் கடல்களின் பாலிகீட்களுக்கு எங்களிடம் இருந்த பெரிய நூல் பிரெஞ்சு அறிஞர் பியர் ஃபோவெல் எழுதி 1953-இல் அலகாபாத்தில் அச்சானது. எழும்பூர் அருங்காட்சியகத்துப் புழுக்களை 1930-லேயே ஆராய்ந்து எழுதியவர் அவர். பெரும் உழைப்பாளி. ஆனால் ஒரே இனம் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் என்று நம்பிய தலைமுறை அது. ஐரோப்பியப் பெயர்கள் நம் சேற்றிலும் பாறையிலும் வாழும் புழுக்கள்மேல் ஒட்டிக்கொண்டன. பாட் ஹட்சிங்ஸும் எலினா குப்ரியனோவாவும் 2018-இல் உலகு தழுவிய பாலிகீட்கள் உண்மையா, கற்பனையா என்று கேட்டே ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தக் கேள்வியை நம் கடற்கரையில் நாமும் கேட்டாக வேண்டும். கேட்ட இடத்தில் விடை கிடைக்கிறது: 2012-இல் இந்தியாவின் தென்மேற்குக் கரையிலிருந்து நமாலிகாஸ்டிஸ் ஜயா என்ற புதிய இனம் விவரிக்கப்பட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குக் காப்பிடெல்லாவைச் சொல்வேன். அழுகிய சேற்றில் செழிக்கும் சிறு புழு அது. காப்பிடெல்லா காப்பிடாட்டா அதிகமாக இருந்தால் கழிவு அதிகம் என்று உலகம் முழுக்க அதை மாசின் அளவுகோலாக வைத்திருந்தார்கள். கிராஸில் தம்பதி 1976-இல் ஆராய்ந்து, அந்த ஒரு பெயருக்குள் ஆறு வெவ்வேறு இனங்கள் இருப்பதைக் காட்டினார்கள். முட்டையிடும் விதமும் லார்வாவின் வாழ்க்கையும் ஒன்றுக்கொன்று வேறு. ஒரே அளவுகோல் என்று நம்பிய கையில் ஆறு அளவுகோல்கள் இருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோரத் திட்டம் ஒன்றுக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் பின்னிணைப்பில் கடல்தரை உயிர்களின் பட்டியல் ஒரு பக்கத்துக்கு இருந்தது. அதில் ஹைட்ராய்டீஸ் நார்வெஜிகாவைப் பார்த்தேன். எழுந்து, இந்த மாதிரி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, நான் பார்க்கலாமா என்று கேட்டேன். அறிக்கை முடிந்ததும் மாதிரிகளைக் கழித்துவிட்டதாகப் பதில் வந்தது. எனக்குக் கோபத்தைவிட வேதனைதான் மிகுந்தது. தவறான பெயர் எழுதுவது பிழை, நானே எழுதியிருக்கிறேன். ஆனால் புழு சீசாவில் இருந்தால் நாளை வேறொருவர் அதை எடுத்துப் பார்த்துத் திருத்தலாம். அதைக் கொட்டிவிட்டால் அந்தப் பக்கத்தை இனி யாரும் சரிபார்க்க முடியாது.

எண்ணூரை நினைத்துப் பாருங்கள். 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. மக்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள்ளேயே புகுந்தது. படகிலும் வலையிலும் அலையாத்தி வேரிலும் கறுப்பாகப் படிந்ததை எல்லோரும் படத்தில் பார்த்தோம். சேற்றுக்குள் என்ன ஆனது? இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் இரையாவது அந்தச் சேற்றுப் புழுக்கள்தான். அவற்றில் எவை போயின, எவை பெருகின, எவை திரும்பின என்று சொல்ல வேண்டுமானால், எண்ணெய் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதற்கு சீசாவில் சாட்சி வேண்டும். மீனவர் இழப்பீடு கேட்கும்போது இந்தச் சாட்சி அவருடைய பக்கத்துச் சாட்சி.

எதிர்வீட்டுத் தம்பி ஒருவர், ஃபைபர் படகு வைத்திருப்பவர், இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "யக்கா, அத ஒழிக்கிற வழி சொல்லு. பேரு எதுக்கு?" நியாயமான கேள்வி. அவருக்கு அந்தப் புழு காசைத் தின்னும் பொருள். நான் அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஒழிக்கிற வழியை உலகம் ஒருமுறை தேடிப் பார்த்தது. வெள்ளீயம் கலந்த டிபிடி சாயத்தைக் கப்பல்களுக்குப் பூசினார்கள். ஒட்டுயிர்கள் செத்தன. கூடவே பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு கோணி விளைச்சல் விழுந்தது. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து இனப்பெருக்கமே நின்றது. கடைசியில் 2001-இல் பன்னாட்டு உடன்படிக்கை செய்து, 2008-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து அதைத் தடை செய்தார்கள். எதை எதிர்க்கிறோம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொல்லும் வழி அது. இந்தப் புழு எந்தப் படலத்தில் ஒட்டும், எதில் ஒட்டாது என்று தெரிந்தால் நஞ்சில்லாத வழி பிறக்கலாம். ஹவாயில் கண்டது எலிகன்ஸுக்குப் பொருந்தும். உங்கள் படகில் இருப்பது எலிகன்ஸ்தானா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டாமா? அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடுத்த முறை டைல்ஸ் துண்டைத் தன் படகிலேயே கட்டச் சொன்னார்.

டிஎன்ஏ பார்த்தால் போதும், முள்ளை எண்ணும் காலம் போய்விட்டது என்கிறார்கள் சில இளையவர்கள். டிஎன்ஏவின் பயனை நான் மறுக்கவில்லை. வெவ்வேறு துறைமுகத்து எலிகன்ஸ் புழுக்களின் மரபணுவை ஒப்பிட்டுத்தான், கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டியே அது பரவியிருக்க வேண்டும் என்று 2007-இல் காட்டினார்கள். ஆனால் டிஎன்ஏ வரிசையை ஒப்பிட, சரியான பெயர் சூட்டிய ஒரு மாதிரியின் வரிசை முன்பே இருக்க வேண்டும். அந்தப் பெயரை யாரோ ஒருவர் உருப்பெருக்கியின் மேல் குனிந்து, முள்ளை எண்ணித்தான் சூட்டியிருப்பார். அவர் இல்லையென்றால் இயந்திரம் தரும் விடை வெறும் எழுத்து வரிசை.

நமக்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. குருசடைத் தீவின் உயிர்களைப் பற்றி 1927-இல் தனி வெளியீடே கொண்டுவந்த அருங்காட்சியகம் எழும்பூரில் இருக்கிறது. இல்லாதது, இந்த வேலையில் ஒரு பெண்ணோ பையனோ வாழ்நாளைச் செலவிடலாம் என்ற நம்பிக்கை. என்னிடம் படித்தவர்களில் மிகக் கூர்மையான கண் கொண்ட ஒரு மாணவி, கதவின் முட்களை வரைந்த படம் இன்றும் என் மேசையில் இருக்கிறது. வகைப்பாட்டியலில் வேலை எங்கே இருக்கிறது மேடம் என்று கேட்டாள். என்னால் ஓர் இடத்தையும் காட்ட முடியவில்லை. இப்போது அவள் வங்கியில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள், மகிழ்ச்சிதான். அந்தக் கண்ணை நாம் இழந்துவிட்டோம்.

அரசிடம் நான் கேட்பது பெரிய தொகை அல்ல. கடலோரத் திட்டம் எதுவானாலும், அதன் அறிக்கையில் பெயர் சொல்லப்படும் ஒவ்வொரு கடல்தரை உயிரின் மாதிரியும் பொது அருங்காட்சியகம் ஒன்றில் எண்ணிட்டு ஒப்படைக்கப்பட வேண்டும். அப்படி ஒப்படைத்த ரசீது இல்லாத பட்டியலை ஏற்கக் கூடாது. பெயர் சொன்னவர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். பாலிகீட், கணுக்காலி, மெல்லுடலி என்று ஒவ்வொரு பெரும்பிரிவுக்கும் நிலையான பணியிடங்கள் வேண்டும். மூன்று ஆண்டுத் திட்டத்தில் ஒருவரைப் பழக்கி, அவர் கண் தேறும் நேரத்தில் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும்.

கடற்கரை ஊர்களில் விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்று, ஐந்து மீட்டர் நைலான் கயிறு, தெரிந்த படகுக்காரர் ஒருவர், இருபது நாள். எடுத்தவுடன் கடல்நீரில் வைத்து மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்து முடித்தபின் நான்கைந்து புழுக்களை எத்தனாலில் போட்டு, நாள், இடம், ஆழம் மூன்றையும் பென்சிலால் எழுதிய சீட்டை சீசாவுக்குள்ளேயே போட்டு மூடி வையுங்கள். மை கரைந்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும்.